அருள்மொழி என்னும் பெயர் குறித்து மகனுக்கு

பட்டர்வொர்த், பினாங்கு.

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு நானும் அம்மாவும் நலம். மருமகளும் பேத்தியும் எப்படி இருக்கிறார்கள்? மருமகளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா என்று அம்மா என்னைத்தான் தினமும் கேட்கிறாள். சில வாரங்களாக ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வராததால், உனக்கு வேலை மிகுதியாக இருக்கும் என்று சொல்லி நானும் சமாளித்து வருகிறேன். சமையலறைக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பிறக்கப் போகும் குழந்தை எதுவானாலும் அருள்மொழி என்றே பெயர் வைக்கப் போவதாக நீ சொன்ன அன்று, அது ஆண் பிள்ளைக்குப் பொருந்துமா என்று நான் கேட்டேன். அது பெயரைப் பற்றிய கேள்வி மட்டுமே. பக்கத்தில் இருந்த உன் அத்தை சொன்னது ஏதாவது மருமகளின் காதில் விழுந்திருந்தால், அது அத்தையின் பேச்சு. அத்தையைப் பற்றி உனக்குத் தெரியும்.

தேன்மொழி, கனிமொழி, மணிமொழி என்று நம்மைச் சுற்றிப் பெண்களாகவே இருப்பதால், மொழி என்று முடிந்தாலே பெண் பெயர் என்று நம் காது பழகிவிட்டது. ஆனால் 985 முதல் 1014 வரை சோழ நாட்டை ஆண்ட முதலாம் இராசராசனின் இயற்பெயரே இதுதான். பின்னால் வர்மன் என்று சேர்த்தே நாம் படித்ததால், வர்மனைக் கழற்றினால் பெண் பெயராகிவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம். அந்தப் பெயரின் மேல் அவருக்குக் குறை எதுவும் இருந்திருந்தால், ஒரு நிலப்பகுதிக்கே அருமொழிதேவ வளநாடு என்று பெயர் வழங்கியிருக்காது. புலவர் பெயர்களிலும் இப்படித்தான். பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு பெண் என்று சொல்லும்போதெல்லாம் என் மாணவர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆகவே பெயர் இருவருக்கும் பொருந்தும். இதை நான் தயக்கமின்றி எழுதுகிறேன்.

அந்த இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025-இல் படை அனுப்பிய கடாரம்தான் மூடா ஆற்றுக்கு வடக்கே இருக்கும் நம் கெடா. அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில்களின் கருங்கல் அடித்தளங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, யார் கட்டினார்கள், ஏன் விட்டுப் போனார்கள் என்று கேட்டு என்னை வீட்டுக்குக் கிளம்பவிடாமல் வைத்திருந்த பிள்ளை நீ. ஷகரமும் ஸகரமும் நிறைந்த பெயர்களை எண் கணிதக்காரரிடம் கேட்டு வைக்கும் இந்தக் காலத்தில், மெல்பர்னில் இருந்துகொண்டு நீ இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததை உன் பெரியப்பாவிடமும் கோயில் கமிட்டியில் உள்ளவர்களிடமும் பெருமையாகச் சொன்னேன். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதும் உண்மை. பேத்திக்குப் பெயர் வைத்தபோதும் நாங்கள் கடைசியில்தான் தெரிந்துகொண்டோம்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே பெயர் எதுவானாலும் அதன் பின்னால் வரும் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். அடையாளக் கார்டு எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். அப்படியிருந்தும் நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், யாரோ வெறும் பெயரை மட்டும் பார்த்துத் தட்டச்சு செய்த விளையாட்டுப் போட்டிப் பட்டியலில், அருள்மொழி என்ற மூன்றாம் ஆண்டுப் பையன் பெண்கள் ஓட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தான். ஒலிபெருக்கியில் பெயரைக் கேட்டு ஓடி வந்தவன், கோட்டில் நின்ற பெண் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, சட்டையில் ஊசியால் குத்தியிருந்த எண் அட்டையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றான். மறுநாள் அவன் தாயார் வந்து, பெயரின் பின்னால் ஏதாவது சேர்க்க முடியுமா என்று கேட்டார். எதையும் சேர்க்க வேண்டாம், அந்தப் பெயர் யாருடையது என்று பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். நானும் வகுப்பில் சொன்னேன். இப்போது அவன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். சந்தையில் என்னைப் பார்த்தால், சார், அருள்மொழி என்று முழுப்பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவான்.

உங்கள் ஊரில் ஏ/எல், ஏ/பி கிடையாது. பெயரைக் கேட்பவர்களுக்கு அது எந்த நாட்டுப் பெயர் என்பதே தெரியாது. அதனால் பையன் பிறந்தாலும் பெண் பிறந்தாலும் அந்தப் பெயரின் வரலாற்றைச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடு. பள்ளிக்கூடம் போகும் முன்பே சொல்லிக்கொடு. இன்னொன்று, பெயரைச் சுருக்காதீர்கள். அருள் என்று கூப்பிட்டால் பையன் என்றும் மொழி என்று கூப்பிட்டால் பெண் என்றும் நம்மவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் இருவருக்கும் பொதுவாகத் தேர்ந்த பெயர் பாதியில் நின்றுவிடும். ஐந்தே எழுத்து. முழுதாகவே அழையுங்கள். ஆயாவின் பெயருக்கு நம் வீட்டில் என்ன ஆயிற்று என்பது உனக்கு நினைவிருக்கும்.

பிறந்து ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் குழந்தையைப் பதிந்துவிடு, தள்ளிப் போடாதே. ழகரத்துக்கு இசட், எச் போடுவதா, இங்கே பலரும் எழுதுவதுபோல் எல் போடுவதா என்பதை மருமகளும் நீயும் முடிவு செய்து, இரு நாட்டுப் பத்திரத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். எழுத்து மாறினால் பிற்பாடு அலைச்சல் பிள்ளைக்குத்தான்.

அம்மா ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போய்க் குழந்தைக்கு ஒரு ஜோடிக் காப்பு வாங்கி வந்தாள். பேத்தி கேட்பாள் என்று அவளுக்கும் ஒரு ஜோடி. பையனுக்கா, பெண்ணுக்கா என்று நகைக்கடைக்காரர் கேட்டதற்கு, எங்கள் வீட்டில் அருள்மொழி பிறக்கப் போகிறது என்றுதான் அம்மா சொன்னாளாம். இதை மருமகளிடம் நீ சொல்ல வேண்டும். நானே சொல்லலாம் என்றால், நீ அழைத்தால்தானே முடியும்?

வரும் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் அழை. போனை மருமகளிடம் கொடு. முதலில் நான் பேசுகிறேன், பிறகு அம்மா பேசட்டும். அத்தை அன்று வீட்டில் இருக்க மாட்டாள். பெயரைச் சுருக்காதீர்கள்.

அன்புடன்,
அப்பா