இலண்டன் பயணம்: பிள்ளையின் கடவுச்சீட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஒக்டோபர் விடுமுறையில், ஜேர்மனியில் உள்ள எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளை இலண்டனுக்குக் கூட்டிப் போகிறோம். அங்குள்ள ஒரு தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளோடு திருக்குறள் போட்டி, ஒரு பகல் பிரித்தானிய அருங்காட்சியகம், ஒரு மாலை ஈஸ்ட்ஹாமில் எல்லோரும் சேர்ந்து தோசை. பஸ்ஸும் தங்குமிடமும் சரியாகிவிட்டன. இனி மிச்சமிருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது: பிள்ளையின் கடவுச்சீட்டும், அதற்கு எடுக்கவேண்டிய ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியும்.

எங்களில் பலருக்கு இலண்டன் என்றால் பக்கத்து ஊர் மாதிரி. சித்தப்பா வீட்டுக் கலியாணம், மாமியின் பிள்ளைக்குச் சாமத்தியவீடு என்று வெள்ளி இரவு காரில் ஏறி ஞாயிறு இரவு திரும்பிப் பழகியவர்கள் நாங்கள். ஒரு காலத்தில் ஜேர்மன் அடையாள அட்டையைக் காட்டிவிட்டே போய்வந்தோம். 2021 ஒக்டோபர் 1 முதல் அந்த அட்டையில் போகமுடியாது, கடவுச்சீட்டு வேண்டும். 2025 ஏப்ரல் 2 முதல் கடவுச்சீட்டோடு ஈடிஏயும் வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்கவேண்டும். இதைத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதைப் போன பயணத்தில் கண்ணால் பார்த்தேன்.

அந்த இரவை உங்களுக்குச் சொல்லியாகவேண்டும். பிரான்சின் கலே துறைமுகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடிய இரண்டரை மணி இருக்கும். பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் 2003 இல் செய்த ஓர் உடன்படிக்கையின்படி, பிரித்தானிய எல்லை அதிகாரிகள் கலேயிலேயே சோதனை செய்கிறார்கள். அதாவது கப்பலில் ஏறுவதற்கு முன்பே இலண்டனின் வாசல் வந்துவிடுகிறது. பிள்ளைகள் நித்திரைக் கலக்கத்தோடு பஸ்ஸை விட்டிறங்கி வரிசையில் நின்றார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் முறை வந்தபோது அதிகாரி திரையைப் பார்த்தார், கடவுச்சீட்டைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். ஈடிஏ இல்லை என்றார்.

அவளுடைய அம்மா மே மாதமே ஒழுங்காக விண்ணப்பித்து அனுமதி எடுத்திருந்தார். மின்னஞ்சலும் பிள்ளையின் போனில் இருந்தது. ஆனால் கோடை விடுமுறையில் பழைய கடவுச்சீட்டு முடியப்போகிறது என்று புதியதை எடுத்திருக்கிறார்கள். ஈடிஏ கடவுச்சீட்டு எண்ணோடு கட்டப்பட்டது. கடவுச்சீட்டு மாறினால் பழைய அனுமதி செல்லாது. இதை அந்த வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டியது நான்.

பஸ்ஸில் இருந்தபடியே என் போனில் புதிதாக விண்ணப்பித்தோம். நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு கப்பல் போனது, அடுத்ததும் போனது. யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் அவள் யன்னல் பக்கம் திரும்பியிருந்து, "எல்லாரும் என்னாலதான் நிக்கினம், சேர்" என்றாள். பதில் வர விடிந்துவிட்டது. அன்றைக்கு வந்தது எங்கள் நல்ல காலம், ஏனென்றால் முடிவு வர மூன்று வேலைநாள் வரை ஆகலாம் என்றுதான் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வராமல் போயிருந்தால் ஓர் ஆசிரியரோடு அவளைத் திருப்பி அனுப்பியிருக்கவேண்டும். இந்த முறை ஒரு பிள்ளையும் அப்படி யன்னல் பக்கம் திரும்பியிருக்கக்கூடாது என்பதற்காகத்தான் ஜூன் மாதத்திலேயே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஆகவே முதலில் கடவுச்சீட்டு, அதற்குப் பிறகுதான் ஈடிஏ. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். பயணம் முடியும் வரை செல்லுபடியாகும் கடவுச்சீட்டு போதும். ஆனாலும் அடுத்த வருடத் தொடக்கத்தில் முடியப்போகிறதென்றால் இப்போதே நகரசபையில் புதியதற்குக் கொடுத்துவிடுங்கள். ஈடிஏ இரண்டு வருடத்துக்குச் செல்லும், எத்தனை தடவையும் போய்வரலாம். ஆனால் கடவுச்சீட்டு முடியும் நாளில் அதுவும் முடிந்துவிடும். புதிய கடவுச்சீட்டில் எடுத்தால் தைப்பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போகவும் அதுவே உதவும்.

வீட்டில் இன்னும் கிண்டர்பாஸ் என்ற, பிள்ளைகளுக்கான பழைய ஜேர்மன் கடவுச்சீட்டை வைத்திருப்பவர்கள் அதன் திகதியைக் கவனமாகப் பாருங்கள். 2024 ஜனவரி 1 முதல் அதைப் புதிதாகக் கொடுப்பதும் இல்லை, நீடித்துத் தருவதும் இல்லை. பிள்ளைக்கும் பெரியவர்களைப் போல வழமையான கடவுச்சீட்டுத்தான் எடுக்கவேண்டும், அது ஆறு வருடத்துக்குச் செல்லும். கோடை விடுமுறைக்கு முன் நகரசபையில் சந்திப்பு நேரம் கிடைப்பதே கஷ்டம், அச்சடித்து வரவும் வாரக்கணக்காகும். அவசரம் என்றால் மேலதிகப் பணம் கட்டி விரைவுச் சேவையில் எடுக்கலாம். அந்தச் செலவு எதற்கு?

சரி, கடவுச்சீட்டு கையில் இருக்கிறது. இனி விண்ணப்பம். பிரித்தானிய அரசின் ஈடிஏ செயலியைப் போனில் இறக்கிச் செய்வதுதான் சுலபம். போன் ஒத்துவராவிட்டால் அரச இணையத்தளத்திலும் செய்யலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எங்கள் வீடுகளில் இப்படியான வேலை நடக்கும். அங்கேதான் முதல் பிரச்சினை. மேலே எரியும் விளக்கு கடவுச்சீட்டின் மினுங்கும் பக்கத்தில் விழுந்து ஓர் எழுத்தை மறைத்துவிடும், செயலி அதைப் பிழையாக வாசிக்கும். பகலில், யன்னல் ஓரமாக வைத்து எடுங்கள். பிறகு கடவுச்சீட்டில் உள்ள சிப்பை வாசிக்கச் சொல்லும். போனின் கவரைக் கழற்றிவிட்டு, கடவுச்சீட்டின் மேல் வைத்து ஆட்டாமல் பிடியுங்கள். ஒரு தடவையில் பிடிக்காவிட்டால் கொஞ்சம் மேலே கீழே நகர்த்திப் பாருங்கள். அப்புறம் பிள்ளையின் முகம். பத்து வயதும் அதற்கு மேலும் என்றால் முகத்தை ஸ்கான் செய்யவேண்டும், ஆகவே பிள்ளை பக்கத்தில் இருக்கவேண்டும். கூட வரும் சின்னத் தம்பி தங்கைக்கு ஸ்கான் தேவையில்லை, படம் மட்டும் வேண்டும். தொப்பி வேண்டாம், பின்னால் வெறும் சுவர், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கக்கூடாது.

போன் வாசித்துத் தரும் விபரத்தை அப்படியே நம்பி அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டாம். கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். ஜேர்மன் கடவுச்சீட்டு எண்ணில் ஆங்கில "ஓ" எழுத்தே வராது. உயிரெழுத்து ஒன்றையும் அதில் பாவிப்பதில்லை. ஆகவே வட்டமாகத் தெரிவதெல்லாம் பூச்சியம்தான். எண்ணுக்கு ஒன்பது இடம். பக்கத்தின் அடியில் உள்ள நீளமான வரியில் அதே எண்ணுக்குப் பின்னால் இன்னோர் இலக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது இயந்திரம் சரிபார்ப்பதற்கான இலக்கம், அதைச் சேர்த்து எழுதாதீர்கள். பெயரிலும் எங்கள் ஆட்களுக்கு ஒரு தடுமாற்றம் உண்டு. ஊரில் அப்பாவின் பெயரை முன்னால் எழுதிப் பழகிய கை, இங்கே பிள்ளையின் குடும்பப்பெயராக இருக்கும் அப்பாவின் பெயரை முதற்பெயருக்கான பெட்டியில் எழுதிவிடுகிறது. கடவுச்சீட்டில் எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்கட்டும்.

கேள்விகளில் ஒன்று, பயங்கரவாதத்தோடோ போர்க்குற்றத்தோடோ தொடர்பு உண்டா என்று கேட்கும். அந்த வரியைக் கண்டதும் கை நின்றுபோன பெற்றோர்களை எனக்குத் தெரியும். ஏன் நின்றது என்றும் தெரியும். எங்கள் இனத்தைப் பார்த்துக் கேட்பதில்லை, விண்ணப்பிக்கும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன பதிலோ அதை அமைதியாகப் போடுங்கள். கூட வரும் பெரியவர்களில் யாராவது முன்பு பிரித்தானியாவில் இருந்து அனுமதிக் காலம் கடந்து தங்கியிருந்தால், அல்லது நீதிமன்றத் தண்டனை ஏதும் பெற்றிருந்தால், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஈடிஏ மறுக்கப்பட்டால் அதற்கு மேன்முறையீடு கிடையாது, விசாவுக்குத்தான் விண்ணப்பிக்கவேண்டும். மறைத்து எழுதிப் பிடிபடுவது எல்லாவற்றிலும் பெரிய கரைச்சல்.

கட்டணம் 2025 தொடக்கத்தில் 10 பவுண்டாக இருந்தது, அந்த வருடம் ஏப்ரல் 9 அன்று 16 ஆக்கினார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் அன்றைக்குச் செயலி காட்டும் தொகைதான் சரியான தொகை. அதற்கு மேல் ஒரு சதமும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் சில தளங்கள் அரச தளம் போலவே இருக்கும், பல மடங்கு பணம் எடுக்கும். முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி "கவ் டொட் யூகே" (gov.uk) என்று முடிகிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டின் படத்தை வட்சப் குழுவில் போட்டு "யாராவது செய்து தாருங்கோ" என்று கேட்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது உங்கள் பிள்ளையின் அடையாளம்.

இனி எழுதப்போவது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, ஆனாலும் எல்லோரும் வாசியுங்கள். எங்கள் பள்ளியில் ஒரே வீட்டுக்குள் மூன்று விதமான கடவுச்சீட்டுகள் உண்டு. இங்கே பிறந்த பிள்ளைக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு, அம்மாவுக்கு இலங்கைக் கடவுச்சீட்டு, அப்பாவிடம் அகதிகளுக்கான நீலப் பாஸ். ஈடிஏ முதலாவதற்கு மட்டும்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் நீலப் பாஸுக்கும், இங்கே நிரந்தர வதிவிட அனுமதி இருந்தாலும், விசா வேண்டும். பிரித்தானியக் குடியுரிமையும் உள்ள பிள்ளைக்கு ஈடிஏ எடுக்கவே முடியாது, அவர் பிரித்தானியக் கடவுச்சீட்டில் போகவேண்டும்.

விசா வேண்டும் என்றால் பிள்ளையைப் பயணத்தில் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். முன்பு ஒருமுறை ஓர் அப்பா, மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பயணத்தன்று நிறுத்திவிட்டார். மகனுக்கும் நீலப் பாஸ்தான் என்று சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பையன் குறள் முந்நூறு பாடமாக்கியிருந்தான். முன்பே தெரிந்திருந்தால் செய்திருக்கலாம்: விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், இணையத்தில் படிவத்தை நிரப்பி, விசா நிலையத்தில் கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழமையாக மூன்று வாரம் ஆகும். ஒக்டோபர் பயணத்துக்கு ஜூலையில் தொடங்கினால் நிறைய நேரம் இருக்கிறது. பள்ளியின் அழைப்புக் கடிதம், பயண விபரம், தங்குமிடப் பதிவு எல்லாவற்றையும் நான் கையெழுத்திட்டுத் தருகிறேன். விசாக் கட்டணம் ஈடிஏயை விட மிகக் கூட, அது பாரமாக இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். பள்ளி நிதியில் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம், யாருக்குக் கொடுத்தோம் என்று சபையில் வாசிக்கமாட்டோம்.

இன்னொன்று. பெற்றோர் கூட வராத பிள்ளைகள் எல்லோருக்கும் அம்மா அப்பா இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும், உங்கள் கடவுச்சீட்டின் படப்பிரதியும் வேண்டும். அம்மாவே கூட வந்தாலும் கடிதம் வேண்டும். எங்கள் பெயர் வழக்கத்தில் அம்மாவின் குடும்பப்பெயரும் பிள்ளையின் குடும்பப்பெயரும் வேறு வேறாக இருப்பது சாதாரணம், எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு அது விளங்காது. பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்றும் பையில் இருக்கட்டும்.

ஜூன் மாதத்தில் மிச்சமுள்ள சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் ஒரு மணித்தியாலம் நூலக அறையில் இருப்பேன். எங்களிடம் படித்து இப்போது பல்கலைக்கழகம் போகும் இரண்டு பிள்ளைகள் போனோடும் பொறுமையோடும் உதவிக்கு வருகிறார்கள். கடவுச்சீட்டு (பிரதி வேண்டாம், அசல்), வங்கி அட்டை, உங்கள் மின்னஞ்சல் திறக்கும் போன், இவற்றோடு பிள்ளையையும் கூட்டிவாருங்கள். வீட்டில் நீங்களே செய்து முடித்தவர்கள், அனுமதி வந்த மின்னஞ்சலையும் கடவுச்சீட்டையும் செப்டெம்பர் முதல் சனிக்கிழமைக்குள் எனக்குக் காட்டுங்கள். இரண்டிலும் உள்ள எண்ணை நான் ஒருமுறை ஒத்துப் பார்த்துத்தான் பஸ் பட்டியலில் பெயர் எழுதுவேன். அதற்குப் பிறகு யாராவது கடவுச்சீட்டை மாற்றினால், நடுச்சாமம் என்றாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு போன் எடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்