பாம்பன் பாலம்தான் எங்களுக்கு மலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கிற போட்டோ அமாவாசைக்கு அமாவாசை, லீவுக்கு லீவு பேப்பரில் வருகிறது. தை அமாவாசைக்கு முந்தின நாள் அதே வரிசையில் ஒரு வெள்ளை ஆல்டோ ஏற்றத்தில் நின்று, ஆஃப் ஆகி, கிளப்பி, மறுபடி ஆஃப் ஆகி, பின்னால் நின்ற டூரிஸ்ட் பஸ்ஸைப் பார்த்து உருண்டது. ஓட்டியவள் நான்தான். அன்றைக்கு எனக்குப் பின்னால் ஹாரன் அடித்தவர்களில் உங்கள் வாசகர்களும் இருந்திருப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 43. மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம், வீட்டுக்காரர் சவூதியில். பத்து வருஷமாக ஸ்கூட்டி ஓட்டுகிறேன், ஒரு நாள் விழுந்ததில்லை. ஆனால் அத்தைக்கு முழங்கால் போன பிறகு அவரை ஸ்கூட்டியில் ஏற்ற முடியவில்லை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு தடவை வாடகைக் கார் பிடித்தால் கருவாட்டில் வருகிற காசு காருக்கே போகிறது. சொந்தத்தில் ஒருவர் பழைய ஆல்டோவை விற்கிறேன் என்றார், வாங்கிவிட்டேன். ஓட்டத் தெரியாமலே வாங்கிவிட்டேன் என்பதுதான் உண்மை. வீட்டுக்காரர் போனில் "கியர் இல்லாத வண்டியா பாரேன், ஸ்கூட்டி மாதிரி ஈசியா இருக்கும்" என்றார். அதற்குக் காசை யார் தருவது. பழசில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் கியர் வண்டிதான், நாளைக்குக் கடைக்கு ஒரு சின்ன லோடு வண்டி வாங்கினாலும் அதுவும் கியர்தான்.

சரி என்று ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், அவர்கள் பிழைப்பும் ஓட வேண்டுமே. 15 நாள், காலையில் அரை அரை மணி நேரம், ஒரே காரில் மூன்று பேர். ஒருவர் ஓட்ட மற்ற இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்து சாமி கும்பிடுவோம். உச்சிப்புளிப் பக்கம் போகிற ரோடு, இரண்டு பக்கமும் பனையும் உடைமரமும், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே மட்டம். மூன்றாம் நாளே ஓட்டிவிட்டேன். எட்டாம் நாள் நான்காவது கியர். மாஸ்டர், "அக்கா, உங்களுக்குக் கை நல்லா வருது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிரைவிங் ஸ்கூல் காரில் டபுள் கன்ட்ரோல் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். இரண்டு பக்கத்துப் பெடலும் இணைந்தவை, அவர் மிதித்தால் என் பக்கத்துப் பெடலும் சேர்ந்தே உள்ளே போகும். நான் பெடல்மேல் காலை வைத்திருப்பேன், அது வெண்ணெய் மாதிரி இறங்கும், வெண்ணெய் மாதிரி ஏறும். நான்தான் மிதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் சொந்த ஆல்டோவில் முதல் நாள் உட்கார்ந்து கிளட்சை மிதித்தபோது தொடை வலித்தது. அப்போதுதான் புரிந்தது, 15 நாளும் பாதி வண்டியை மாஸ்டர்தான் ஓட்டியிருக்கிறார்.

அப்புறம் டெஸ்ட். கிளப்பச் சொன்னார்கள், இரண்டாவது, மூன்றாவது கியர் வரை போகச் சொன்னார்கள், இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டச் சொன்னார்கள், கொஞ்சம் ரிவர்ஸ். அதுவும் மட்டமான இடம்தான். பாஸ். சொல்லப்போனால் டூ வீலருக்கு எட்டு போடும்போதுதான் எனக்கு அதிகம் வியர்த்தது.

லைசென்ஸ் கையில் வந்து ஒன்பதாவது நாள் அத்தையை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப்போனேன். மாமாவுக்குத் திதி கொடுக்க வேண்டும், அமாவாசை அன்று கூட்டத்தில் அவரால் நிற்க முடியாது, முந்தின நாளே போய்த் தங்கலாம் என்று திட்டம். மண்டபம் தாண்டிப் பாலம் ஏறினோம். இந்தப் பாலம் 1988-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. அடியில் படகு போக வேண்டும் என்று நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஆயிரம் தடவை போயிருக்கிறேன், அது ஏற்றம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கொடைக்கானல்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. எங்களுக்கு இதுதான் மலை.

2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். தண்டவாளத்தோடு சேர்த்து 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே மேலே போகிறது என்றால் யாருக்குத்தான் பார்க்க ஆசை இருக்காது. ஆனால் அதைப் பார்க்க ரோட்டுப் பாலத்தின் உச்சியில் வேனை நிறுத்தி, குடும்பமே இறங்கி, கைப்பிடிச் சுவரில் பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அன்றைக்கு முன்னால் மூன்று வேன் அப்படி நின்றது. பாதி ஏற்றத்தில் வரிசை நின்றுவிட்டது, நானும் நின்றேன்.

முன்வண்டி ஓரடி நகர்ந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டருக்குக் கொண்டுபோனேன், அந்த ஒரு நொடியில் வண்டி பின்னால் போனது. பதறிப்போய்க் கிளட்சை முழுதாக விட்டேன், ஒரு குலுக்கு, ஆஃப். பிரேக்கை மிதித்தேன், நின்றது. மறுபடி சாவி, மறுபடி அதே கதை. மூன்றாவது தடவை பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிப்போனது. பிரேக்கும் போய்விட்டது என்று நினைத்து எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. (பிறகு மெக்கானிக் சொன்னார்: இன்ஜின் ஓடும்போதுதான் பிரேக்குக்குக் காற்றிழுப்பின் உதவி கிடைக்கும், அணைந்த பிறகு இரண்டு மூன்று மிதியில் அது தீர்ந்துவிடும், பிரேக் போகவில்லை, பலமாக மிதித்தால் பிடிக்கும் என்று. இதை 15 நாளில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.) கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸின் மூஞ்சி முழுசாகத் தெரிகிறது. ஹாரன் சத்தம். பைக்கில் ஒருவர் பக்கத்தில் வந்து "பொம்பளைகிட்ட வண்டியைக் கொடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்கிறார், ராமேஸ்வரத்துக்குப் போகிற வழியில்.

பின்னால் பஸ்ஸுக்கு அடுத்து நின்ற மீன் லோடு வண்டியிலிருந்து ஒரு தம்பி இறங்கி ஓடிவந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். திட்டவில்லை. "அக்கா, முதல்ல ஹேண்ட் பிரேக்கை மேல தூக்குங்க" என்றான். தூக்கினேன். "இப்ப ரெண்டு காலையும் எடுங்க. வண்டி போகுதா? போகலைல்ல? அவ்வளவுதான், பயம் விட்டுச்சா." எனக்கு நிஜமாகவே மூச்சு வந்தது. அத்தனை நேரம் அந்த ஹேண்ட் பிரேக் என் இடது கைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. வண்டியை வீட்டில் நிறுத்தும்போது போடுவது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்து அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்னைப் போல யாராவது இருந்தால் பிரயோஜனப்படும். கிளட்சை முழுதாக மிதித்து முதல் கியர் போடு. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி இன்ஜின் சத்தத்தை ஒரே சீராக வைத்துக்கொள். இப்போது கிளட்சை மெதுவாக, மிக மெதுவாக மேலே விடு. ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், பானட் ஒரு விரற்கடை தூக்கும், கியர் ராடில் கை வைத்தால் நடுங்கும். அங்கேயே காலை நிறுத்து, அதுதான் ஆஃப் கிளட்ச், அதாவது பாதிக் கிளட்ச். இனி ஹேண்ட் பிரேக்கை இறக்கு. வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது, அப்படியே தொங்கும். இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், இன்னும் கொஞ்சம் கிளட்சை விட்டால் ஏறும்.

எனக்கு அந்த இடம் பிடிபட்டது எப்படி என்றால், சின்ன வயதில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவள் நான். கயிறு முதலில் தொய்வாகக் கைக்கு வந்துகொண்டே இருக்கும், பிறகு ஒரு நொடியில் விறைத்து நிற்கும், வலை இன்னும் நகர்ந்திருக்காது, ஆனால் கடலின் கனம் முழுதும் கைக்கு வந்துவிடும். கிளட்சும் அதேதான். ஒரு பக்கம் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற சக்கரம், மறுபக்கம் கியர்பாக்ஸோடு சேர்ந்த தட்டு. பெடலை மிதித்தால் பிரியும், விட்டால் ஒட்டும். ஒட்டுவதற்கும் பிரிவதற்கும் நடுவில் உரசிக்கொண்டே இழுக்கிற அந்த இடம்தான் ஏற்றத்தில் வேண்டும். சட்டென்று விட்டால் நின்றுகொண்டிருக்கிற வண்டியின் கனம் மொத்தமும் ஒரே அடியில் இன்ஜின் தலையில் விழுகிறது, அது அணைந்துபோகிறது. அதற்காக ஆஃப் கிளட்சிலேயே ஐந்து நிமிஷம் தொங்கினால் தட்டு கருகும், முடி பொசுங்கின மாதிரி ஒரு நாற்றம் வரும். அந்த நாற்றத்துக்கு நான் கொடுத்த விலை ஐயாயிரத்துச் சொச்சம், அது வேறு கதை.

நாலாவது தடவை ஏறிவிட்டது. அந்தத் தம்பி கை காட்டிவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டான், பெயர்கூடக் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து என் கூடப்பிறந்த தம்பியின் மகனிடம் புலம்பினேன். அவன் போனில் தேடி 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளை எடுத்துக் காட்டினான். அதில் 15-வது விதி லைசென்ஸ் டெஸ்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையோ, ஆக்ஸிலேட்டரையும் கால் பிரேக்கையுமோ சரியாகப் பயன்படுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பத் தெரிய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது, ஆசிரியர் அவர்களே! இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றத் தெரிய வேண்டும் என்றும் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஓட்டுவது 10 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில்தான். என் 15 நாளைக் கூட்டிப் பார்த்தேன், ஏழரை மணி நேரம்தான் வருகிறது. ஏழரை என்ற எண் எனக்கு ஒத்துவரவில்லை.

இறக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. பாலத்தில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு விடுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. இப்போதைய வண்டிகளில் கணக்கே தலைகீழ். கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றவைக்கும், பெட்ரோல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலில்தான் அணையாமல் இருக்க அது குடித்துக்கொண்டே வரும். தவிர, கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் அந்த உயரத்தில் காரை ஒரு முழம் தள்ளிவிடும், அப்போது கியரில் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எங்களைப் போன்ற மட்டமான ஊர்களில் டெஸ்ட் எடுக்கிற மைதானத்தில் ஒரு சரிவு கட்டுங்கள். கொஞ்சம் கிராவல், மேலே கொஞ்சம் கான்கிரீட், ஒரு கார் ஏறி நிற்கிற நீளம் போதும். அதில் நின்று கிளப்பினால்தான் லைசென்ஸ் என்று ஒரே ஒரு மாதம் கறாராக இருந்து பாருங்கள், டிரைவிங் ஸ்கூல்கள் தானாகவே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடும். டெஸ்டில் கேட்காததை அவர்கள் ஏன் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். பாலத்தின் உச்சியில் நிறுத்துகிற வேன்களுக்கு அபராதம் போடுவதைத் திருவிழா நாளோடு நிறுத்தாமல் சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலும் போடுங்கள். வேடிக்கை பார்க்க மண்டபம் பக்கம் இறங்கி நின்றால் ரயில் பாலம் இன்னும் அழகாகவே தெரியும், உள்ளூர்க்காரி சொல்கிறேன்.

சரிவு வரும் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. என் பிறந்த ஊரில் கண்மாய்க் கரை ஏறுகிற மண்பாதை இருக்கிறது, மாட்டு வண்டிக்குப் போட்டது, பாம்பன் பாலத்தைவிடச் செங்குத்து. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்டோவை அங்கே கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்திக் கிளப்பிக் கிளப்பிப் பழகினேன். பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துக்கொண்டு முதல் வாரம், கல் இல்லாமல் இரண்டாம் வாரம். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, வண்டி ஏறலைன்னா நாங்க தள்ளி விடவா" என்று கேட்டார். நின்று கிளப்பத்தான் பழகுகிறேன் என்று சொன்னால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

இப்போது என்னோடு பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேரும் கரைக்கு வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம்.

பி.கு.: அன்றைக்குப் பாலத்தில் இறங்கி வந்த மீன் லோடு வண்டித் தம்பி இதைப் படித்தால், மண்டபம் வரும்போது கடைக்கு வரவும். ஆல்டோ வாசலில் நிற்கும். ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன், காசு வேண்டாம்.