ஆண்டறிக்கை: கண் பார்க்க என்றைக்கு வரச் சொன்னார்கள்?

எல்லோருக்கும் வணக்கம். கூட்டக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன, இரண்டு தள்ளிப்போயின, இரண்டுக்கும் காரணம் நான்தான், வீட்டில் காய்ச்சல். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த வருஷம் நாம் உருப்படியாகச் செய்தது ஒரே வேலை. குறைமாதக் குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பும் பெற்றோரிடம் "கண் பார்க்க என்றைக்கு வரச் சொன்னார்கள்?" என்று கேட்டோம். பலர் விழித்தார்கள். நானும் அப்படி விழித்தவன்தான். என் மகள் 29 வாரத்தில் பிறந்தவள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எடை, பால் அளவு, தடுப்பூசி எல்லாம் இருந்தது, கண் பரிசோதனைக்கு நேரே ஒரு கோடு மட்டும். பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னதால் ஓடினோம்.

தேதிக்கு ஏன் இவ்வளவு அடம் என்று புது உறுப்பினர்கள் கேட்கிறார்கள். கரு 16 வாரமாகும்போது விழித்திரையில் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளர ஆரம்பிக்கும், போய்ச் சேர 40 வாரம் வரை ஆகும். முன்னாலேயே பிறந்துவிட்டால் அது பாதியில் நின்றுவிடும். சில வாரம் கழித்து, ரத்தம் கிடைக்காத ஓரப்பகுதி தவித்து ரத்தம் கேட்டு ஆள் அனுப்ப, தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைத்து, மோசமானால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். இதைத்தான் டாக்டர்கள் ஆர்ஓபி என்கிறார்கள். பிறந்த அன்றைக்குப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெளியிலிருந்து பார்த்தால் முற்றும்வரை தெரியாது. கண்மணி வெள்ளையாகத் தெரியும் அளவுக்குப் போனால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால்தான் பிறந்து நாலு வாரத்துக்குள் முதல் பரிசோதனை, ரொம்பச் சின்னக் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. யாருக்குப் பார்ப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 1500 கிராம் அல்லது 30 வாரம் வரை, இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆக்சிஜன் பற்றி ஒரு கூட்டத்தில் பெரிய வாக்குவாதமே வந்தது. அளவில்லாமல் கொடுத்த ஆக்சிஜனுக்கும் ஆர்ஓபிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1951இல் மெல்போர்னில் கேட் கேம்பெல் என்ற டாக்டர் எழுதினார், அது பிறகு உறுதியும் ஆனது. ஆனால் பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்தபோது குழந்தைகள் இறந்தார்கள். ஆகவே "ஆக்சிஜன் வைத்ததால்தான்" என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள், அளவைக் கண்காணிக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

பரிசோதனையைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். சொட்டு மருந்து விட்டதும் கண்ணைச் சுற்றித் தோல் வெளிறிப்போகும், துணியில் இறுக்கிச் சுற்றி, கம்பியால் இமையை விலக்கிப் பிடிப்பார்கள், பிள்ளை வீறிடும். மரத்துப்போகும் சொட்டும் விடுகிறார்கள், நாக்கில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரும் உதவும். வாந்தி வராமலிருக்க, பரிசோதனைக்குச் சற்று முன்னால் பால் கொடுக்காதீர்கள். சிகிச்சை வேண்டும் என்று சொன்னால் இரண்டு மூன்று நாளுக்குள், "நல்ல நாள் பார்த்து" என்பதெல்லாம் வேண்டாம். லேசர் என்றால் குழாய் போய்ச்சேராத ஓரப்பகுதியைச் சுடுவார்கள். கண்ணுக்குள் போடும் ஊசி என்றால் நோய் சீக்கிரம் அடங்கினாலும் பல வாரம் கழித்துத் திரும்ப வரலாம், அதனால் அதற்குத்தான் தொடர்ந்து பார்ப்பது அதிகம் தேவை. ஒன்றுமே இல்லாமல் தப்பித்த குழந்தைகளுக்கும் கிட்டப்பார்வை, மாறுகண் வரக்கூடும், வருஷா வருஷம் காட்டுங்கள்.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் அச்சடித்த தேதி அட்டையில் ஒரே ஒரு கட்டம்தான் வைத்தோம். குழாய்கள் ஓரம் போய்ச் சேரும்வரை ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள் என்பது தெரிந்தும் என் மண்டையில் ஏறவில்லை. ஓர் அம்மா அட்டையின் பின்பக்கம் முழுக்கத் தேதியாக எழுதிக்கொண்டு வந்து காட்டினார், அப்புறம்தான் உறைத்தது. புது அட்டையில் எட்டுக் கட்டம் இருக்கும். தேதிக்கு முதல்நாள் போன் செய்து ஞாபகப்படுத்த இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.