ரெசின் மணிகளை மாணவர் கையில் கொடுங்கள்

டெல்டா மாவட்டக் கல்லூரிகளுக்கு வேதியியல் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு வணக்கம்.

முதுகலை முடித்த கையோடு ஹைதராபாத்தில் ஒரு மருந்து ஆய்வகத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். காம்பினடோரியல் வேதியியல், அதாவது சில சேர்மங்களைப் பலவிதமாக இணைத்து ஏராளமான புதிய சேர்மங்களை ஒருசேர உருவாக்கும் துறை, படித்திருக்கிறாயா என்று கேட்டார்கள். வரையறையை வரி பிசகாமல் ஒப்பித்தேன். கேட்டவர் ஒரு சிறு கண்ணாடிக் குழாயை என் முன் வைத்தார். அடியில் நீல நிறத்தில் மணல்போல ஏதோ படிந்திருந்தது. "இணைப்பு வினைக்குப் பிறகு எடுத்த மணிகள் இவை. ஏன் நீலமாக இருக்கின்றன? அடுத்து என்ன செய்வாய்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

பிறகு வேறோர் ஆய்வகத்தில் சேர்ந்து, அதே மணிகளோடு ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டுக் கும்பகோணம் திரும்பியிருக்கிறேன். தெருவில் முதுகலை படிக்கும் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான் அன்று மனப்பாடம் செய்த அதே இரண்டு பக்கங்கள்தான் அதிலும் இருந்தன. அதனால்தான் இந்த மடல். முதுகலைச் செய்முறைத் தாளில் திண்மநிலைத் தொகுப்பில், அதாவது ரெசின் என்னும் பிளாஸ்டிக் மணியின்மேல் மூலக்கூறைப் படிப்படியாகக் கட்டும் முறையில், ஒரே ஒரு பயிற்சியைச் சேருங்கள்.

இந்த முறையின் அடிப்படை நம் வீட்டு அடுப்படியில் தெரிந்ததுதான். அரிசி களையும்போது அழுக்கு கழுநீரோடு போய்விடுகிறது, அரிசி பாத்திரத்திலேயே நிற்கிறது. 1963இல் புரூஸ் மெர்ரிஃபீல்டு இதைத்தான் வேதியியலில் செய்தார். முதல் அமினோ அமிலத்தைப் பாலிஸ்டைரீன் மணியில் பிணைத்துவிட்டு, அடுத்தடுத்த அமிலங்களை அதன்மேல் ஒவ்வொன்றாகக் கோத்தார். வினைப்பொருளைத் தேவைக்கு மேல் தாராளமாகச் சேர்க்கலாம், மிஞ்சியதை வடிகட்டிக் கழுவிவிடலாம். ஒவ்வொரு படியிலும் பிரித்தெடுத்துத் தூய்மை செய்யும் பெரும்பாடு அதோடு ஒழிந்தது. 1984இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நீல நிறத்தின் பொருளும் இங்கேதான் இருக்கிறது. வினையில் சேராத அமினோ தொகுதி மிச்சமிருந்தால், நின்ஹைட்ரின் என்னும் சோதனைப்பொருளை விட்டுச் சூடாக்கும்போது மணி நீலமாகும். அதாவது இணைப்பு முழுமையாகவில்லை, மறுபடி செய்ய வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் 99 விழுக்காடு முடிந்தால்கூட, 100 இணைப்புகளுக்குப் பின் குறையில்லாமல் தேறும் சங்கிலி ஏறக்குறைய 37 விழுக்காடுதான். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மறந்துபோகும். தான் செய்த மணி நீலமாவதைப் பார்த்த மாணவி மறக்கவே மாட்டாள்.

சேர்ம நூலகங்களுக்கு, அதாவது சோதித்துப் பார்ப்பதற்காகக் குவிக்கும் பலவகைச் சேர்மங்களின் தொகுதிகளுக்கு, வழி காட்டியவர் ஹங்கேரியின் ஆர்பாட் ஃபூர்கா. தம் யோசனையை 1982இலேயே எழுதி நோட்டரியிடம் சான்று பெற்று வைத்தார். மணிகளை மூன்று பங்காகப் பிரித்து, பங்குக்கு ஓர் அமினோ அமிலம் சேர்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மீண்டும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். மூன்று சுற்று முடிந்தால், ஒன்பதே இணைப்பு வினைகளில் 27 முப்பெப்டைடுகள் (மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள்) கிடைக்கும். இதையே 20 அமினோ அமிலங்களோடு ஐந்து சுற்று செய்தால், 100 வினைகளில் 32 லட்சம்! ஆனாலும் ஒரு மணியில் இருப்பது ஒரே வகைச் சேர்மம்தான்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அடியில் வடிகட்டித் தகடு வைத்த பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்று போதும். ரெசினைக் கரைப்பானில் போட்டால் ஜவ்வரிசி ஊறுவதுபோல் உப்பும். அதை முதலில் மாணவர்கள் பார்க்கட்டும். அமினோ முனையை வினையில் சேராமல் மூடி வைக்கும் எஃப்மாக் காப்புத் தொகுதியை நீக்கியபின் வடிந்த திரவத்தை, கல்லூரியில் இருக்கும் புறஊதா நிறமாலைமானியில் 301 நானோமீட்டரில் அளந்தால், மணியில் எவ்வளவு ஏறியிருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். தொடக்கப் பயிற்சிக்குப் புரோலின் மட்டும் வேண்டாம், அது நீலம் காட்டாமல் குழப்பிவிடும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கழுவிய கரைப்பான் ஒரு சொட்டுகூடத் தொட்டி வழியே வெளியேறக் கூடாது. அந்தக் கரைப்பானான டைமெத்தில் ஃபார்மமைடு கருவில் வளரும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது. நம் ஊரில் சாக்கடை எந்த வாய்க்காலில் சேர்கிறது, அந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூடியுள்ள கேன்களில் சேர்த்து, முறைப்படி அழிப்பவர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு முதலில் வேண்டும். அதற்குப் பிறகு ரெசின் வாங்கினால் போதும். பெப்டைடை மணியிலிருந்து அறுத்தெடுக்கும் படியையும் விட்டுவிடலாம். அரிக்கும் அமிலம் ஒன்று குறையும், கற்க வேண்டியதை அதற்குள் கற்றுவிடுவார்கள்.

1990களில் இந்தத் துறையைச் சுற்றி எழுந்த ஆரவாரம் அப்படியே நிலைக்கவில்லை என்பது உண்மைதான். லட்சக்கணக்கில் சேர்மங்களைக் குவித்தவர்களுக்கு மருந்துகள் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. இன்று சிறிய, தேர்ந்தெடுத்த நூலகங்களுக்கே மதிப்பு. ஆனால் மணியில் கோக்கும் முறை எங்கும் போய்விடவில்லை. 2020இல் ஊர் ஊராகச் செய்த பி.சி.ஆர். சோதனைகளுக்குத் தேவைப்பட்ட சிறு டி.என்.ஏ. துண்டுகளும் திண்மத் தாங்கியின்மேல் ஒவ்வோர் எழுத்தாகக் கோக்கப்பட்டவைதான். பெப்டைடு மருந்து செய்யும் ஆலைகளும் இந்தக் கைப்பழக்கம் உள்ளவர்களையே தேடுகின்றன. மயிலாடுதுறையிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறிக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் அந்த வாசலில் வாயடைத்து நிற்கக் கூடாது.

பயிற்சிக் குறிப்பைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் கல்லூரிக்கு, சொல்லும் நாளில், ரெசினும் சிரிஞ்சுகளும் கழிவுக்கான கேனும் கொண்டுவந்து உங்கள் முன்னிலையில் செய்து காட்டுகிறேன். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து உங்கள் பழைய மாணவி