என் பெயரில் ஓடும் பக்கத்தை என்னிடம் கொடுங்கள்

நம் கட்சியின் மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணி நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பேரூராட்சித் தலைவராக இதை எழுதுகிறேன். என் பெயரில் ஓடும் ஃபேஸ்புக் பக்கத்தின் அட்மின் உரிமை யார் யாரிடம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் தம்பிகளிடம் இருக்கிறது, என் கணவரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. கேட்கும்போதெல்லாம் "நாங்க பாத்துக்கறோம்க்கா" என்கிறீர்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுத வேண்டியதாயிற்று.

சந்தைத் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்த அன்று செயல் அலுவலர் விடுப்பில் இருந்தார். ஃபிட்டரை வீட்டுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். அவர் பள்ளத்தில் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று குழாயை மாட்டி முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. தெருப் பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள், நானும் அவர்களோடுதான் நின்றேன். அந்தப் படங்களை உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். காலையில் பக்கத்தில் வந்ததோ வேறு படம். மூடிய பள்ளத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் என் கணவர். "அண்ணனின் அதிரடி நடவடிக்கை" என்று மேலே எழுத்து. மறுநாள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பாட்டி, "உங்க வீட்டுக்காரர் ராத்திரியோட ராத்திரியா சரி பண்ணிட்டாராமே" என்று என்னிடமே நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவரை எப்படிக் குறை சொல்வது? பேத்தி போனில் காட்டியதைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

தயவுசெய்து என் பக்கத்தை என்னிடம் கொடுங்கள்.

மன்றத்தில் நான் பேசிய வீடியோவுக்குக் கீழே என் புடவையைப் பற்றியும், ராத்திரியில் யாரோடு நின்றேன் என்றும் எழுதியதெல்லாம் இன்னும் அப்படியே கிடக்கிறது. நீக்கச் சொன்னால், "கமெண்ட் வந்தாத்தான்க்கா ரீச்" என்கிறார் உங்கள் பொறுப்பாளர். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அவள் தோழிகளும் அதைப் படிக்கிறார்கள்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு என்று 2016இல் சட்டத் திருத்தம் வந்தது. 2022இல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. மேடைதோறும் நீங்களும் இதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். ஆனால் ஒதுக்கீடு சுழற்சியில் மாறக்கூடியது. அடுத்த முறை என் வார்டு பொதுவாகிவிட்டால், சீட்டுக் கேட்டு நிற்கும் என்னிடம் "உங்களை ஊர்ல யாருக்கும்மா தெரியும்?" என்றுதான் கேட்பீர்கள். இத்தனை வருடம் உழைத்தும் என்னைத் தெரியாமல் வைத்திருப்பது யார்? பக்கத்து ஊர்களின் பெண் கவுன்சிலர்களிடம் பேசினால் அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

சரி, கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்துக்குள் முழு அட்மின் உரிமையை என் ஃபேஸ்புக் கணக்குக்கு மாற்றித் தாருங்கள். என் கணவர் விரும்பினால் அவர் பெயரிலேயே தனிப் பக்கம் தொடங்கிக்கொள்ளட்டும். போஸ்டர் வடிவமைக்க, எழுத்துப்பிழை பார்க்க உங்கள் தம்பிகளின் உதவி எனக்கு இன்னும் வேண்டும். எதைப் போடுவது, எதை நீக்குவது என்பதை மட்டும் நான் முடிவு செய்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பேரூராட்சித் தலைவர்