குப்பையைத் திறந்து பார், சுந்தரம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இனி உன் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிடு. இங்கே எல்லோரும் நலம். இவளுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வசவுச் சொற்களை எல்லாம் தடைப் பட்டியலில் போட்டாய், அன்றிலிருந்து உன் தளத்தில் ஒரு பின்னூட்டம்கூட வரவில்லை, வாசகர்கள் கோபித்துக்கொண்டார்களோ என்று கேட்டிருந்தாய். யாரும் கோபிக்கவில்லை. நீ அனுப்பிய பட்டியலில் மூன்றாவது சொல்லைப் பார். சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம் என்று நாட்டு நாய்களைப் பற்றியே எழுதும் கால்நடை மருத்துவர் ‘நாய்’ என்ற சொல்லைத் தடை செய்துவைத்தால், வருகிறவர்கள் வேறு எதைப் பற்றித்தான் பேசுவார்கள்?

முதலில் அவசர வேலை. உன் தளம் ஓடுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளில் டிஸ்கஷன் அமைப்புக்குள் இரண்டு பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேல் பெட்டியில் போட்ட சொல் வந்தால் பின்னூட்டம் உன் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். கீழ்ப் பெட்டியில் போட்டால் நேராகக் குப்பைக்குப் போய்விடும். நீ போட்டது கீழ்ப் பெட்டியில். குப்பையை நீ மாற்றி அமைக்காத வரை 30 நாள் வைத்திருக்கும், அதற்கப்புறம் தானாகவே அழித்துவிடும். ஆகவே இந்தக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதைத் திறந்து, நல்லவற்றை மீட்டுக்கொள். யாராவது குட்டிக்கு பார்வோ வைரஸ் நோய் வந்து தவித்துக்கொண்டு கேட்டிருக்கலாம்.

மீட்டாயிற்றா? இப்போது இதில் உள்ள வேடிக்கையைக் கேள். இந்தப் பட்டியல் சொல்லின் பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்து வரிசையைத்தான் பார்க்கிறது. சொல்லுக்குள் சொல்லாக இருந்தாலும் பிடிக்கும் என்று அந்தப் பெட்டிக்கு மேலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் “ஐயா, எங்கள் நாய்க்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை” என்று எழுதினவர் குப்பைக்குப் போவார். “போடா நாயே” என்று எழுதினவன் ராஜபாட்டையில் வருவான். ஏனென்றால் நீ போட்ட சொல் புள்ளியில் முடிகிறது. ‘நாயே’ என்பதில் அந்தப் புள்ளி கிடையாது, அந்த இடத்தில் ஏகாரக் குறி இருக்கிறது. கணினிக்கு அது வேறு எழுத்து வரிசை. வைகிறவன் எப்போதும் விளித்துத்தானே வைவான்! புள்ளியை எடுத்துவிட்டு ‘நாய’ என்று போட்டால் அவன் சிக்குவான்; கூடவே விநாயகரும் நாயன்மாரும் ஜனநாயகமும் சிக்குவார்கள். இதற்கு மேல் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறவர்கள் ஒரே வசவை நாலு விதமாக எழுதுவார்கள். அதற்கெல்லாம் பட்டியல் போட்டு மாளாது.

அப்படியென்றால் வசவுக்கு என்ன செய்வது? சொல்லைப் பார்க்காதே, ஆளைப் பார். அதே பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: முன்பு ஒரு தடவை ஒப்புதல் பெற்றவர் எழுதினால் உடனே வெளியாகும், புதியவர் எழுதினால் காத்திருக்கும். அதை மட்டும் டிக் செய். புதிதாக வருகிறவர் ஒரே ஒரு முறை உன் கண்ணில் பட்டால் போதும். உன் தளத்துக்கு வருகிற கூட்டத்துக்கு இது காலையில் காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. விளம்பரக் குப்பைக்கு அகிஸ்மெட் போட்டுவிடு. 2005இலிருந்து இருக்கிற செருகுநிரல், பணம் வாங்காத சொந்தத் தளங்களுக்கு இலவசம்.

நாம் பிளாக்ஸ்பாட்டில் எழுதிய காலம் நினைவிருக்கிறதா? பின்னூட்டத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கிற இந்த வேலைக்கு ‘மட்டுறுத்தல்’ என்று பேர் வைத்துக்கொண்டு எத்தனை சண்டை! பெயர் சொல்லாமல் எழுத விடுகிற அனானி ஆப்ஷனைத் திறந்து வைத்தவன் வீரன், மூடினவன் கோழை. பதிவைப் படிக்காமலே “மீ த ஃபர்ஸ்ட்டு” என்று ஓடிவந்து போடுகிற கூட்டம் வேறு. அதையும் நாம் ரசித்துக்கொண்டுதான் இருந்தோம்.

படிக்காமல் பேசுகிறவர்களுக்கு நார்வேயில் ஒரு வைத்தியம் செய்து பார்த்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே என்ஆர்கே என்ற பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு, 2017இல் சில கட்டுரைகளுக்குக் கீழே மூன்று கேள்விகள் வைத்தது. எல்லாம் அந்தக் கட்டுரைக்குள்ளேயே பதில் இருக்கிற கேள்விகள். சரியாகத் தேர்ந்தெடுத்தால்தான் பின்னூட்டப் பெட்டி திறக்கும். யாரையும் தடுக்கவில்லை, படித்துவிட்டு வா என்கிறது, அவ்வளவுதான். கோபமாக வந்தவனுக்கும் கொஞ்சம் சூடு தணியும்.

பின்னூட்டங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிடலாம் என்று உன் மகன் சொன்ன விஷயத்தில் எனக்கு அவசரமில்லை. கூகுள் குடும்பத்து ஜிக்சா 2017இல் பர்ஸ்பெக்டிவ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. ஒரு பின்னூட்டம் எவ்வளவு நச்சு என்று மதிப்பெண் போடும். நியூயார்க் டைம்ஸ் அதை வைத்துக்கொண்டுதான் கூடுதல் கட்டுரைகளுக்குப் பின்னூட்டத்தைத் திறந்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வருகிற இடத்துக்கு அது வேண்டும். உனக்கு எதற்கு?

கருவியை நம்பி இருந்துவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இது கொஞ்சம் கனமான விஷயம். வடிகட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லி நீதிமன்றத்தில் தப்ப முடியாமல் போயிருக்கிறது. மலேசியாகினி தெரியுமல்லவா, மலேசியாவின் செய்தித் தளம். 2020 ஜூனில் ஒரு செய்திக்குக் கீழே ஐந்து வாசகர்கள் நீதித்துறையைத் திட்டி எழுதினார்கள். போலீஸ் தொடர்புகொண்ட பிறகுதான் ஆசிரியர் குழுவுக்கு அது தெரியவந்தது என்றும், 12 நிமிடத்தில் நீக்கிவிட்டோம் என்றும் சொன்னார்கள். கெட்ட வார்த்தை வடிகட்டி உண்டு, வாசகர்களே புகார் செய்கிற வசதி உண்டு என்றும் வாதாடினார்கள். எடுபடவில்லை. 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பளித்து 5 லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டது. சில மணி நேரத்திலேயே வாசகர்கள் நன்கொடையாக அந்தத் தொகையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. வாசகர் எழுதினதற்கும் அபராதம், அபராதத்தைக் கட்டினதும் வாசகர்.

எஸ்தோனியாவின் டெல்ஃபி செய்தித் தளத்துக்கும் இதே கதைதான். அவர்களும் ஆபாசச் சொற்களின் வேரைப் பிடித்துத் தானாக அழிக்கிற ஏற்பாடு வைத்திருந்தார்கள். எஸ்தோனிய மொழியும் நம் மொழி மாதிரி விகுதி ஒட்டிக்கொண்டே போகிற மொழி, வேரைப் பிடித்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். 2006இல் ஒரு படகுக் கம்பெனி பற்றிய செய்திக்கு வந்த மிரட்டல்களும் வசைகளும் ஆறு வாரம் அப்படியே கிடந்தன. 2015இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தளத்தின் பொறுப்பு செல்லும் என்று சொல்லிவிட்டது. நஷ்டஈடு 320 யூரோதான், ஆனால் ஐரோப்பா முழுக்கப் பத்திரிகைகள் அதைப் பேசின.

உன்னை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. உன் தளத்தில் எனக்குக் கவலை வேறு. நேற்று உன் உண்ணிக் காய்ச்சல் கட்டுரையின் பழைய பின்னூட்டங்களைப் படித்தேன். ஒருவர் மிகுந்த பணிவோடு, “ஐயா கட்டுரை அருமை, நன்றி. பூனைக்குக் காய்ச்சல் வந்தாலும் கவலை வேண்டாம், பாராசிட்டமால் பாதி மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும்” என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நாலு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கத் தெரியாது, பாதி மாத்திரையே உயிரை எடுக்கும் என்றாய். இந்தப் பின்னூட்டத்தில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எந்த வடிகட்டியும் இதைத் தொடாது. மதிப்பெண் போடுகிற கருவி இதற்கு நல்ல பிள்ளை என்று பட்டம் கொடுக்கும். எழுதினவரும் உன் பழைய வாசகர், ஏற்கெனவே ஒப்புதல் பெற்றவர். ஆகவே நான் மேலே சொன்ன டிக்கும் அவரை நிறுத்தாது.

அதனால் சொற்பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அதற்கு வேறு வேலை கொடு. வசவுகளை எடுத்துவிட்டு மருந்துப் பெயர்களைப் போடு. மேல் பெட்டியில், கீழ்ப் பெட்டியில் இல்லை! பாராசிட்டமால், ஐவர்மெக்டின், மனிதர்கள் வாங்கிச் சாப்பிடுகிற வலி மாத்திரைகள், ‘மாத்திரை’ என்ற சொல், எல்லாவற்றையும். புள்ளியில் முடிகிற பெயரானால் கடைசி எழுத்தை விட்டுவிட்டுப் போடு; பாராசிட்டமாலை, பாராசிட்டமாலுக்கு எல்லாம் அதில் அடங்கிவிடும். இங்கிலீஷ் எழுத்திலும் ஒரு தடவை போட்டுவை. மருந்து பேசுகிற பின்னூட்டம் எதுவானாலும் உன் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும்.

போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் நிறைய. குட்டி வேண்டும், கூப்பிடுங்கள் என்று பத்து இலக்கத்தையும் போட்டுவிடுகிறார்கள். ஒப்புதல் கொடுக்கும்முன் ‘எடிட்’ அழுத்தி நம்பரை மட்டும் எடுத்துவிடு.

பழைய கட்டுரைகளுக்குப் பின்னூட்டத்தைத் தானாக மூடுகிற வசதி ஒன்று இருக்கிறது, 14 நாள் என்று காட்டும். விளம்பரத் தொல்லை குறையும் என்று யாராவது சொன்னாலும் அதைத் தொடாதே. உன்னிடம் வருகிறவர்கள் புதுக் கட்டுரை படிக்க வருகிறவர்கள் அல்ல, ராத்திரி குட்டி வாந்தி எடுத்ததும் கூகுளில் தேடி மூன்று வருஷத்துக்கு முந்தைய பதிவில் வந்து விழுகிறவர்கள்.

அந்தப் பாராசிட்டமால் பின்னூட்டத்தை அழித்துவிடாதே. அழித்தால் நன்றி சொன்ன நாலு பேருக்கும் விஷயம் தெரியாமலே போய்விடும். எடிட் செய்து மேலே ஒரு வரி, “இது தவறு, பூனைக்குக் கொடுக்காதீர்கள்” என்று உன் பெயரோடு போடு. கீழே காரணத்தை விவரமாக எழுது. எழுதினவர் மனம் நோகாமல் எழுத உனக்குத் தெரியும். இன்றைக்கே செய்துவிடு, பேத்தி தூங்குகிற நேரத்தில்.

தை பிறந்ததும் மதுரைக்கு வருகிறோம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்