கார் இன்சூரன்ஸ்: மழைக்கு முன் பார்த்துவிடுங்கள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஐப்பசி மழையில் குழித்துறைப் பக்கம் என் மச்சானின் கார் தண்ணீரில் நின்றுவிட்டது. சீட் வரை சேறு. பதற்றத்தில் இரண்டு முறை சாவியைத் திருகிப் பார்த்திருக்கிறார், இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. இன்ஜினுக்கான கூடுதல் கவர் எடுக்காததால் அந்தச் செலவு முழுவதும் அவர் தலையில். தண்ணீரில் நின்ற வண்டியைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். போட்டோ எடுத்து, அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் எதையும் பிரிக்க விடாதீர்கள்.

விபத்து என்றால், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. ஆனால் "தப்பு என்னுடையது, பணம் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. திருட்டு என்றால் உடனே போலீஸ் புகார்.

அப்புறம், நம்மில் பலர் கேரளாவிலிருந்து பழைய கார் வாங்குகிறோம். கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுக்கு வராது. பாலிசி முடிந்து, புதுப்பிக்காமல் 90 நாள் தாண்டினால் உங்கள் போனஸும் போய்விடும்.

இன்று ராத்திரியே ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் வைத்து, இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.